திக்கிப் பேசுதலுக்கு மாத்திரை உண்டா? அரை நூற்றாண்டு ஆய்வுகள் கூறுவது என்ன?

புது தில்லி: நேர்முகத் தேர்வில் தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்திலேயே நின்றுவிடும் பட்டதாரி, வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்ற இரு சொற்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் மாணவன், போக வேண்டிய ஊரின் பெயர் வாயில் வராததால், சொல்ல எளிதான அடுத்த ஊருக்குப் பயணச்சீட்டு வாங்கி அங்கிருந்து திரும்பி நடந்து வருபவர். இவர்கள் மூவரும் வாழ்வில் ஒரு முறையேனும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. இதற்கு ஒரு மாத்திரை இல்லையா?

சுருக்கமான விடை இதுதான்: திக்கலுக்கான மருந்து என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இன்றுவரை எதற்கும் ஒப்புதல் அளிக்கவில்லை. வேறு நோய்களுக்காக உருவாக்கப்பட்ட சில மருந்துகள், பெரியவர்களில் சிலருக்குத் திக்கலை ஓரளவு குறைத்திருப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. முற்றிலும் நீக்கியதாக எந்த ஆய்வும் நிறுவவில்லை. இந்தியச் சட்டமோ ஒரு படி மேலே சென்று, திக்கலைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது எனத் தடையே விதித்திருக்கிறது. ஆயினும் ‘முப்பது நாட்களில் சரளமான பேச்சு’ என்னும் வகையிலான விளம்பரங்களுக்குக் குறைவில்லை. ஆதலால், மருந்து இதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது அவசியமாகிறது.

‘திக்குவாய்’ என்ற சொல் பேச்சின் தடங்கலை விட்டுவிட்டு ஆளையே குறையாகச் சுட்டுவதால், இக்கட்டுரையில் ‘திக்கல்’ என்ற சொல்லே கையாளப்படுகிறது.

திக்கல் எங்கிருந்து வருகிறது?

சொல்லின் முதல் ஒலியை மீண்டும் மீண்டும் உச்சரித்தல், ஓர் ஒலியை நீட்டுதல், ஒலியே எழாமல் வாய் திறந்தபடி நின்றுவிடுதல் ஆகிய மூன்றும் திக்கலின் அடையாளங்கள். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதிற்குள், குழந்தை தொடர் வாக்கியங்களைக் கோக்கத் தொடங்கும் பருவத்தில் இது தோன்றுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் இதற்குக் குழந்தைப் பருவத்தில் தொடங்கும் சரளக் கோளாறு என்று பெயரிடப்பட்டுள்ளது. குழந்தைகளில் 5 முதல் 8 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு கட்டத்தில் திக்குகின்றனர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு அது தானாகவே மறைந்துவிடுகிறது. பெரியவர்களில் சுமார் 1 சதவீதத்தினரிடம் நிலைத்துவிடுகிறது. அவர்களுள் ஆண்கள் பெண்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் 1 சதவீதம் என்பது சிறிய எண்ணிக்கை அன்று.

பயத்தாலோ, வளர்ப்பின் குறையாலோ, தடித்த நாக்காலோ திக்கல் வருவதில்லை. அச்சமும் பதற்றமும் அதைக் கூட்டலாம், ஆனால் தோற்றுவிப்பதில்லை. பேச்சுக்கான அசைவுகளை உரிய நொடியில் தொடங்கி வைக்கும் மூளைச் சுற்றுகளில், குறிப்பாக மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்புத் திரள்களுக்கும் மேற்புறணிக்கும் இடையிலான தொடர்பில், காலக்கணக்கு சற்றுப் பிசகுவதே காரணம் என்று இன்றைய ஆய்வாளர்களில் பலர் கருதுகின்றனர். திக்குபவர்கள் பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் பெரும்பாலும் தடையின்றிச் சொற்களை உச்சரிப்பதற்கு இதுவே விளக்கமாகக் கூறப்படுகிறது. தாளமோ பிறர் குரலோ வெளியிலிருந்து காலக்கணக்கைக் கொடுத்துவிடுவதால், உள்ளே உள்ள பிசகு வெளிப்படுவதில்லை.

மரபணுக்களின் பங்கும் உறுதியாகியுள்ளது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டென்னிஸ் டிரேனா தலைமையிலான குழு, திக்கல் பரவலாக இருந்த ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தை ஆராய்ந்து, செல்களின் கழிவு நீக்கப் பணியோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை 2010இல் வெளியிட்டது. 2025இல் வெளியான மிகப் பெரிய ஆய்வொன்று, 10 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளை ஒப்பிட்டு, திக்கலோடு தொடர்புடைய 57 இடங்களை அடையாளம் கண்டது. ஒரே மரபணுவைச் சரிசெய்தால் போதும் என்ற எளிய கனவுக்கு இந்த எண்ணிக்கை இடம் தரவில்லை.

கத்தியிலிருந்து மாத்திரைக்கு

திக்கலுக்கு வைத்தியம் தேடியவர்கள் நாக்கைத்தான் முதலில் குற்றவாளியாக்கினர். 1841இல் பெர்லினில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் யோஹான் ஃபிரெட்ரிக் டீஃபென்பாக், நாக்கின் அடிப்பகுதியில் ஆப்பு வடிவில் சதையை வெட்டியெடுக்கும் சிகிச்சையை மேற்கொண்டார். மயக்க மருந்து பழக்கத்திற்கு வராத காலம் அது. அந்த முறை விரைவிலேயே கைவிடப்பட்டது. ஆனால் அதன் நிழல் நம்மிடையே இன்னும் இருக்கிறது. நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்டிவிட்டால் திக்கல் போய்விடும் என்று நம்பிக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இன்றும் உள்ளனர். நாக்குச் சவ்வு ஒட்டியிருப்பது சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம். அது திக்கலுக்குக் காரணம் அன்று.

மாத்திரையின் கதை 1958இல் தொடங்குகிறது எனலாம். பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடம் அந்த ஆண்டில் ஹாலோபெரிடால் என்ற மருந்தைக் கண்டறிந்தது. மனச்சிதைவு நோய்க்காக உருவான இம்மருந்து, மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் செயலைத் தடுக்கிறது. தன்னிச்சையின்றி உடல் துடிப்பதும் ஒலி எழுப்புவதுமான டூரெட் நோய்க்கும் அது பலன் தந்தது. திக்கலுக்கும் டூரெட் நோய்க்கும் சில ஒற்றுமைகள் உண்டு. இரண்டும் குழந்தைப் பருவத்தில் தொடங்குகின்றன; இரண்டும் ஆண்களிடம் மிகுதி; இரண்டும் பதற்றத்தில் கூடுகின்றன. எனவே ஒன்றுக்குப் பயன்பட்டது மற்றதற்கும் பயன்படலாம் என்று எண்ணியதில் வியப்பில்லை.

1970களில் நடந்த சோதனைகளில் ஹாலோபெரிடால் சிலருக்குத் திக்கலைக் குறைத்தது உண்மையே. ஆயினும் மருந்தைத் தொடர்ந்தவர்கள் மிகச் சிலர். தூக்கக் கலக்கம், மனச்சோர்வு, உடல் விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, நீண்ட காலம் உட்கொண்டால் முகமும் நாக்கும் தம் விருப்பமின்றி அசையும் நிலை ஆகிய பக்கவிளைவுகளைத் தாங்குவதைவிடத் திக்கலோடு வாழ்வதே மேல் என்று பலர் முடிவு செய்தனர். பேச்சை விடுவிக்க உட்கொண்ட மருந்து நாக்கையே தன் போக்கில் ஆடவிடக்கூடும் என்பது இந்த வரலாற்றின் கசப்பான முரண்.

டோபமைன் மிகைக்கு ஓரளவு நேரடிச் சான்று 1997இல் கிடைத்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள், மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் கருவியைக் கொண்டு ஆராய்ந்தபோது, திக்குபவர்களின் மூளையில் சில பகுதிகளில் டோபமைன் செயல்பாடு கூடுதலாக இருப்பதாகத் தெரிவித்தனர். ஆராயப்பட்ட திக்குபவர்கள் மூவர் மட்டுமே, ஒப்பீட்டுக்கு அறுவர். அறிவியலில் இது சான்றின் தொடக்கம், முடிவு அன்று. ஆனால் பின்னாளைய மருந்துச் சோதனைகள் பலவற்றுக்கும் இக்கருதுகோளே அடித்தளமாயிற்று.

அந்தக் குழுவில் இருந்தவர் ஜெரால்ட் மக்வயர் என்ற மனநல மருத்துவர். அவரும் திக்கிப் பேசுபவர். 2000ஆம் ஆண்டில் அவர் தலைமையில் நடந்த சோதனையில் 16 பெரியவர்களுக்கு ரிஸ்பெரிடோன் என்ற மருந்தோ, அதைப் போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரையோ ஆறு வாரங்கள் தரப்பட்டன. யாருக்கு எது தரப்படுகிறது என்பது உட்கொள்பவருக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. 2004இல் ஓலான்சபைன் என்ற மருந்து 24 பேரிடம் மூன்று மாதங்கள் இதே முறையில் சோதிக்கப்பட்டது. இரண்டிலும் மருந்து பெற்றவர்களிடம் திக்கல் கூடுதலாகக் குறைந்தது. இவை ஹாலோபெரிடாலைவிட உடல் விறைப்பைக் குறைவாகவே ஏற்படுத்தும் புதிய தலைமுறை மருந்துகள்.

ஆனால் அவற்றுக்கும் விலை உண்டு. ஓலான்சபைன் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டக்கூடியது. ரிஸ்பெரிடோன் ஒரு ஹார்மோனின் அளவை உயர்த்துவதால் பெண்களுக்கு மாதவிடாய் தவறலாம். ஆண்களுக்கு மார்பு பெருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின் கணக்குப்படி, நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். அத்தகைய நாட்டில், உடல்நலத்தோடு இருக்கும் 25 வயது இளைஞர் ஒருவர் சரளமாகப் பேசுவதற்காக ஆண்டுக்கணக்கில் ஓலான்சபைன் உட்கொள்வது இலேசாக எடுக்கக்கூடிய முடிவு அன்று.

இதுவரை நடந்தவற்றுள் பெரிய முயற்சிகளில் ஒன்று பாகோக்ளோன் என்ற மருந்தைப் பற்றியது. கவலைக் கோளாறுகளுக்காக முதலில் ஆராயப்பட்ட இது, டோபமைனைத் தொடாமல் வேறொரு வழியில் நரம்புகளின் கிளர்ச்சியைத் தணிக்கிறது. 132 பேர் பங்கேற்ற எட்டு வாரச் சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. மருந்து பெற்றவர்களிடம் திக்கிய அசைகளின் அளவு சராசரியாக 19 சதவீதம் குறைந்தது; வெற்று மாத்திரை பெற்றவர்களிடம் 5 சதவீதம் குறைந்தது.

இந்த எண்ணை வாழ்க்கை மொழியில் பெயர்த்துப் பார்ப்போம். நூறு அசைகளில் பத்தில் திக்கும் ஒருவர், இம்மருந்தை உட்கொண்டால் எட்டில் திக்குவார். புள்ளிவிவரக் கணக்கில் இது வெற்றி. தொலைபேசியை எடுக்க அஞ்சுபவருக்கு இந்த வேறுபாடு தெரியுமா என்பது ஐயமே. பின்னர் அம்மருந்தின் மேம்பாட்டுப் பணி கைவிடப்பட்டது. அது சந்தைக்கு வரவே இல்லை.

டோபமைனின் மற்றொரு ஏற்பியைத் தடுக்கும் எகோபிபாம் என்ற மருந்து, எடை கூடுதல் போன்ற தொல்லைகளைக் குறைக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் அண்மைக் காலத்தில் ஆராயப்பட்டது. சிறு சோதனையொன்று நம்பிக்கை தந்தபோதிலும், திக்கலுக்கான மருந்தாக அது ஒப்புதல் பெறவில்லை. அரிபிப்ரசோல் முதலிய வேறு சில மருந்துகள் குறித்து, ஓரிரு நோயாளிகளின் அனுபவங்களாகவே அறிக்கைகள் வந்துள்ளன. மன அழுத்தத்துக்கான மருந்துகள், இரத்த அழுத்த மருந்துகள், குரல் நாணில் போடும் போட்டாக்ஸ் ஊசி என இந்த அரை நூற்றாண்டில் முயன்று பார்க்கப்படாத வகை அரிது. அதுவரை நடந்த மருந்து ஆய்வுகளை ஒருசேர அலசி 2006இல் வெளியான திறனாய்வு, திக்கலைப் பாதியளவேனும் குறைத்ததாக முறையான சான்றோடு நிறுவப்பட்ட மருந்து எதுவும் இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

சோதிப்பதே ஏன் கடினம்?

திக்கல் ஒரே அளவில் நிற்பதில்லை. காலையில் மனைவியிடம் தடையின்றிப் பேசியவர், பத்து மணிக்கு மேலதிகாரியிடம் ஒரு சொல்லும் எழாமல் நிற்கலாம். இந்த வாரம் நன்றாகவும் அடுத்த வாரம் மோசமாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் வருபவர் பெரும்பாலும் மோசமான காலத்திலேயே வருகிறார்; எதையும் செய்யாமல் விட்டாலும் அடுத்த முறை சற்று மேம்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அதோடு, ‘எனக்கு மருந்து தருகிறார்கள்’ என்ற நம்பிக்கையே பதற்றத்தைக் குறைத்துப் பேச்சை இளக்கும். ஆகவே வெற்று மாத்திரையோடு ஒப்பிடாத எந்த வெற்றிக் கதையையும் இத்துறையில் நம்புவதற்கில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த மயக்கம் பன்மடங்காகிறது. நியூசிலாந்தில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளி செல்லும் பருவத்தை எட்டாத 54 குழந்தைகளில் 29 பேருக்கு லிட்கம் முறை என்ற பேச்சுப் பயிற்சி தரப்பட்டது. ஆஸ்திரேலியாவில் உருவான இம்முறையில் மருந்து எதுவும் இல்லை. குழந்தை தடையின்றிப் பேசும் தருணங்களைப் பெற்றோர் கவனித்து இதமாகப் பாராட்டுவதும், திக்கும்போது எப்போதாவது மென்மையாகச் சுட்டுவதுமே இதன் சாரம். பேச்சுப் பயிற்சி நிபுணர் பெற்றோருக்கு வழிகாட்டுவார். மற்ற 25 பேர் இம்முறையில் சேர்க்கப்படவில்லை. ஒன்பது மாதங்களுக்குப் பின், பயிற்சி பெற்ற குழந்தைகள் நூறு அசைகளில் சராசரியாக 1.5 அசையிலும், மற்றவர்கள் 3.9 அசையிலும் திக்கினர். தொடக்கத்தில் இரு பிரிவினருமே 6 அசைகளுக்கு மேல் திக்கியவர்கள்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. மருந்தில்லாத ஒரு பயிற்சி, எந்த மாத்திரையும் காட்டாத அளவு பலனைச் சிறு குழந்தைகளிடம் காட்டியது என்பது ஒன்று. அம்முறையில் சேராத குழந்தைகளிடமும் திக்கல் கணிசமாகக் குறைந்தது என்பது மற்றொன்று. அந்த ஒன்பது மாதங்களில் ஒருவர் அக்குழந்தைகளுக்குச் சர்க்கரைப் பாகைக் கொடுத்திருந்தாலும், ‘எங்கள் மருந்தால் கணிசமான குணம்’ என்று விளம்பரம் செய்திருக்க முடியும். இந்தியா முழுவதும் குழந்தைகளின் நாக்கில் வசம்பு தேய்ப்பதும், வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொல்வதும், ‘மூளை டானிக்’ ஊட்டுவதும் பலித்ததாகத் தலைமுறைகளாகச் சொல்லப்படுவதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. தானாகப் போகவிருந்ததை விரட்டிய பெருமையை அவை எடுத்துக்கொள்கின்றன. வசம்பைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் எண்ணெயில் உள்ள ஒரு வேதிப்பொருளின் நச்சுத்தன்மை காரணமாக, உணவுப் பொருட்களில் அதைச் சேர்ப்பதை அமெரிக்கா 1968இலேயே தடை செய்தது.

சட்டம் வரைந்த கோடு

இந்தியாவில் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று உள்ளது. அதில் 51 நோய்களும் நிலைகளும் பட்டியலிடப்பட்டுள்ளன. இவற்றுள் எதையும் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது. அத்தகைய எண்ணத்தை வாங்குபவர் மனத்தில் ஏற்படுத்தவும் கூடாது என்று 106ஆம் விதி கூறுகிறது. புற்றுநோய், நீரிழிவு, வழுக்கை, சரும நிறம் ஆகியவற்றோடு திக்கலும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இந்நிலைகளுக்கு மருத்துவம் பார்க்கக்கூடாது என்பது இதன் பொருளன்று. மருத்துவர் தம் பொறுப்பில் சிகிச்சை அளிக்கலாம். குணமாக்கும் என்று சொல்லி விற்பதையே சட்டம் தடுக்கிறது. ஆகவே புட்டியின் மீதோ, விளம்பரத்திலோ, காணொளியிலோ ‘திக்கலை நீக்கும்’ என்ற வாசகம் இருந்தால், அதுவே மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் முறையிடுவதற்குப் போதுமான காரணமாகும்.

இந்தத் தடை எழுத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். திக்குபவர் பொதுவாகக் கடைக்காரரிடம் வாதிடவோ அலுவலகத்தில் புகார் சொல்லவோ முன்வருவதில்லை. பேசுவதே சிரமம் என்பதால்தானே மருந்தைத் தேடிப் போனார்? ஏமாற்றுபவர்களுக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

கடையில் தாமே வாங்கி உட்கொள்ளும் பழக்கம் வேறு வகை ஆபத்து. நேர்முகத் தேர்வுக்கு முன் நடுக்கம் தணியப் புரோப்ரனலால் மாத்திரையை நண்பர் சொல்ல வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அது இதயப் படபடப்பைக் குறைக்குமேயன்றித் திக்கலைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். அல்பிரசோலம் போன்ற கவலைத் தணிப்பு மாத்திரைகள் சில நாட்களுக்கு நாவை இளக்கியது போல் தோன்றினாலும், விரைவில் உடலைத் தமக்கு அடிமையாக்கிவிடுகின்றன. இவையும் மேலே கூறப்பட்ட மனநோய் மருந்துகளும் மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாதவை.

மருந்தே திக்கலைத் தோற்றுவிப்பதும் உண்டு என்பது பலர் அறியாத செய்தி. மனச்சிதைவுக்கான குளோசபைன், ஆஸ்துமாவுக்கான தியோபிலின், மன அழுத்தத்துக்கான செர்ட்ராலின் ஆகியவற்றை உட்கொண்ட சிலருக்கு, முன்பு இல்லாத திக்கல் தோன்றி, மருந்தை நிறுத்தியதும் மறைந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. வளர்ந்த பிறகு ஒருவருக்குப் புதிதாகத் திக்கல் தொடங்கினால், அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். முகக் கோணலோ, கை கால் தளர்ச்சியோ உடன் இருந்தால் அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

யாருக்கு மருந்தைப் பற்றி யோசிக்கலாம்?

சிறு குழந்தைகளுக்கு வேண்டியதில்லை. பெரியவர்களில், பேச்சுப் பயிற்சியை முறையாக மேற்கொண்ட பிறகும் திக்கல் கடுமையாக நீடித்து, தொழிலையும் வாழ்வையும் முடக்கினால், மனநல மருத்துவரும் பேச்சுப் பயிற்சி நிபுணரும் சேர்ந்து முடிவெடுத்து, குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்திற்கு மருந்தைத் தந்து பார்ப்பதுண்டு. அங்கீகரிக்கப்படாத பயன்பாட்டுக்காகவே அது தரப்படுகிறது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்; நோயாளி கேட்க வேண்டும். தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்து வைத்து, அவ்வப்போது ஒப்பிட வேண்டும். பலனில்லை என்று தெரிந்தால் மருத்துவரின் வழிகாட்டுதலோடு படிப்படியாக நிறுத்த வேண்டும். திடீரென்று கைவிடுவதும் தீங்கு.

இன்னொரு வகையினருக்கு மருந்து வேறு வழியில் உதவலாம். திக்குபவர்களில் சிலருக்குச் சமூக அச்சமோ, மனச்சோர்வோ, கவனக்குறைவுக் கோளாறோ உடன் இருப்பதுண்டு. அவற்றுக்கு உரிய சிகிச்சை அளித்தால், திக்கும் அளவு மாறாவிட்டாலும், திக்கிக்கொண்டே பேசத் துணிவு வரலாம். கவனக்குறைவுக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகள் சிலருக்குத் திக்கலைக் கூட்டலாம் என்பதால் அங்கும் கண்காணிப்பு தேவை.

திக்கலின் பெரும்பகுதி காதில் விழுவதில்லை என்று பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் கூறுவதுண்டு. சொல்ல நினைத்த சொல்லை மாற்றிச் சொல்வது, கையை உயர்த்தாமல் இருப்பது, விரும்பிய படிப்பை விட்டுப் பேச வேண்டாத வேலையைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை எந்த அளவுகோலிலும் பதிவாவதில்லை. மருந்துச் சோதனைகள் திக்கிய அசைகளை எண்ணின. பேசாமல் விட்ட வாக்கியங்களை எண்ணவில்லை. அடுத்த ஊருக்குப் பயணச்சீட்டு வாங்கியவர், அந்தக் கணக்கில் அன்று முழுவதும் ஒரு முறைகூடத் திக்காதவர்.

பேச்சுப் பயிற்சிக்கான வாய்ப்பு நாட்டில் எல்லா இடங்களிலும் சமமாக இல்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் மைசூருவில் 1965 முதல் இயங்கும் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும், மும்பையில் 1983இல் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இத்துறையின் முதன்மை அமைப்புகள். குழந்தைகளுக்கு, 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் அமைக்கப்பட்டுள்ள ஆரம்பநிலைத் தலையீட்டு மையங்களை முதலில் அணுகலாம். சிகிச்சை அளிப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ‘உத்தரவாதம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துபவரிடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

குழந்தைக்குத் திக்கல் தோன்றி ஆறு மாதங்களுக்கு மேலாகியும் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் திக்கல் நிலைத்திருந்தாலோ, பேசும்போது குழந்தை கண்களை இறுக மூடிக்கொண்டு திணறினாலோ, தானாகப் போய்விடும் என்று காத்திராமல் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுவதே உகந்தது. அதுவரை வீட்டில் செய்யக்கூடியது எளிது: குழந்தை சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பது. சொல்லை எடுத்துக்கொடுப்பதும், ‘மெதுவாகப் பேசு’ என்று ஒவ்வொரு முறையும் திருத்துவதும் உதவுவதில்லை.

புதிய மருந்துக்கான சோதனையில் சேருமாறு யாரேனும் அழைத்தால், அது இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் உள்ளதா என்று எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். பதிவு எண் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். பங்கேற்பவர் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். சோதிக்கப்படும் மருந்துக்குப் பங்கேற்பவரிடம் பணம் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.